தெர்மாகோலில் ஒரு பந்தி

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் மூன்று பேர் தினமும் நேரில் வந்து எனக்குப் புத்தி சொல்கிறார்கள். மற்ற இரண்டு பேர் எஸ்.டி.டி. போட்டுச் சொல்கிறார்கள்.

இந்த வாரம் சொன்னது மருமகள் சுமதி. அதுவும் ஒரு பெரிய மனிதர் வந்திருந்த நாளில், இலை போட்ட பிறகு! பத்திரிகைக்காக நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி கவிதா, சுமதி பெற்ற பெண். அம்மா பக்கம் சாய்த்து எழுதிவிடுவாளோ என்று ஒரு கண் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

சுமதி பீளமேட்டில் ஒரு கல்லூரியில் நூலகர். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்தால் அடுக்குவது — அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதில் டாக்டர் பட்டம் வேறு இருக்கிறதாம். அடுக்குவதில் என்ன டாக்டர் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தற்காலிக வேலை. பட்டம் வாங்கினால்தான் நிரந்தரம். இந்த வருஷம் வாங்காவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் சிரிக்கத் தடை.

அவள் செய்த ஆராய்ச்சி இது. பருத்திக் காய்ப்புழுவைப் பற்றிப் படித்தவர்கள் எழுதிய கட்டுரைகளை எல்லாம் சேர்த்து ஒரு வரைபடம் போடுவது. ஜில்லாவுக்கு மேப் போடுகிறோமே, அதே மாதிரி ஒரு படிப்புக்கு மேப். அதில் யார் யாருக்குப் பக்கம், யார் யாருக்குத் தூரம் என்று தெரியுமாம்.

"புழுவுக்கு மேப்பா அம்மணி?"

"புழுவுக்கு இல்லீங்கத்தை. புழுவைப் பத்தி எழுதறவியளுக்கு."

அவர்கள் புழுவைவிட வேகமாக ஊருவார்களே என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

மேப் போட இரண்டு கணக்கு. ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும், இன்னார் இன்னார் எழுதியதைப் படித்துத்தான் இதை எழுதினேன் என்று பெயர் போடுவார்களாம். யார் யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. கட்டுரைச் சுருக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால், எந்த வார்த்தைகள் யார் யாரிடம் சேர்ந்து வருகின்றன என்று அது எண்ணிச் சொல்லும். அது இரண்டாவது கணக்கு.

"ஏன் ரெண்டு? ஒண்ணு பத்தாதா?"

"பேரைச் சொல்றதை மட்டும் பாத்தா ஏமாந்துபோயிருவமுங்கத்தை. வேண்டியவியன்னு சொல்லுவாங்க, பயந்துட்டுச் சொல்லுவாங்க. வார்த்தைய மட்டும் பாத்தாலும் ஏமாத்தந்தான். பஞ்சுன்னு மெத்தை தைக்கறவரும் சொல்லுவாரு, ஆஸ்பத்திரிக்காரரும் சொல்லுவாரு. ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தாத்தானுங்க நெசம் தெரியும்."

இது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். கீழே எத்தனை மாமன், எத்தனை பெரியப்பன்! அச்சில் பெயர் இருப்பதை வைத்து எல்லோரும் ஒற்றுமை என்று நம்பினால் நம்மைவிட ஏமாளி யார்? மண்டபத்துக்கு வந்து, யார் யாரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

கம்ப்யூட்டர் கொடுத்த எண்களை வைத்து, ஹால் சுவர் நிறைய தெர்மாகோல் அட்டை அடித்து, அதில் மேப்பைப் பரப்பினாள் சுமதி. கல்லூரியில் வைத்தால் பையன்கள் குண்டூசியைப் பிடுங்கிவிடுவார்களாம். டி.வி. படுக்கையறைக்குப் போயிற்று. என் மகன் கிரிக்கெட்டைக் கட்டிலில் குப்புறப் படுத்துப் பார்த்தான்.

ஆளுக்கு ஒரு காகித வட்டம். வட்டத்தில் பெயர். ஒரே வார்த்தைகளை எழுதுகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் பெயரை ஒருவர் சொல்லியிருந்தால் இடையில் சிவப்பு உல்லன் நூல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என்ன பிரயோசனம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

நூலகப் படிப்புக்காரர்களுக்குப் பருத்தி தெரியாது. அதனால் பருத்தி தெரிந்த பேராசிரியர் ஒருவர் மேப்பைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. பெரிய படிப்பாளி. நான் அவருக்கு வைத்த பெயர் காய்ப்புழு வாத்தியார். முதுகுக்குப் பின்னால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவரைக்காய் உரித்துக்கொண்டே சுமதி ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இங்க பாருங்கத்தை. ரெண்டு வட்டம் ஒட்டிட்டு இருக்குது. நடுவுல ஒரு நூலு கூட இல்லை."

ஒன்று வாத்தியார். இன்னொன்று அவரிடமே படித்த சத்தியமங்கலத்துக்காரர். ஏதோ ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறாம். அதற்குப் பிறகு இவர் எழுதுவதில் அவர் பெயர் வராது, அவர் எழுதுவதில் இவர் பெயர் வராது.

"ஆனா ரெண்டு பேரும் ஒரே புழு, ஒரே மருந்து, ஒரே பேச்சுங்க. பேரை மட்டும் எண்ணியிருந்தா இவிய ஒரு மூலை, அவிய ஒரு மூலை. வார்த்தையச் சேத்ததுக்கப்புறந்தான் பக்கத்துல வந்தாங்க. இதுதானுங்கத்தை என்ற ஆராய்ச்சியே!"

அவள் ஆராய்ச்சியைச் சொன்னாள். என் காதில் விழுந்தது வேறு.

நான் எத்தனையோ கல்யாணத்தில் பந்தி பார்த்தவள். பந்தி பார்ப்பது என்றால் ரசம் வந்ததா, அப்பளம் போயிற்றா என்று பார்ப்பது இல்லை. யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது. வரப்புத் தகராறில் இருக்கிற பங்காளிகளை ஒரே வரிசையில் விட்டால் என்ன ஆகும்? ஒருத்தர் இலையை விட்டு எழுந்து போவார். அதைவிட ஒரு வீட்டுக்கு அவமானம் உண்டா? நடுவில் ஒரு தூணைக் கொடுத்து நான் எத்தனை பேரைச் சாப்பிட வைத்திருக்கிறேன்!

இப்போது என் வீட்டுக்கே ஒரம்பரை வருகிறார். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. அவருக்கு ஆகாதவர் என் ஹால் சுவரில் அவர் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூண் கூட இல்லை!

சனிக்கிழமை, வாத்தியாரைக் கூட்டிவர சுமதி பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் குண்டூசியைப் பிடுங்கி, சத்தியமங்கலத்துக்காரரை ஜன்னல் ஓரமாக நகர்த்திவிட்டேன். அவருடைய மற்ற நூல்கள் கொஞ்சம் இழுபட்டன. இழுபடட்டும். காலியான இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரரை வைத்தேன். அவர் சண்டைக்கு வர மாட்டார்.

வாத்தியார் வந்தார். மோர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேப் முன்னால் நின்றார். முதலில் யாரைத் தேடினார்? தன்னைத்தான். அடுத்து யாரை? அவரைத்தான்! ஜன்னல் ஓரத்தில் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது பாருங்கள்...

"அவனை அங்க போட்டிருக்கறயா? நான் அப்பவே சொன்னேன்! அவன் பண்றதுக்கும் நாம பண்றதுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னு. கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டுது பாத்தியா! எங்க கையெழுத்துப் போடோணும்? பேனா குடு."

சுமதி மேப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இலை போடுவதில் மும்முரமாக இருந்தேன். அவர் கையெழுத்தைப் போடட்டும், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனதும் குண்டூசியை மாற்றிக்கொள்ளலாம் என்று கண்ணாலேயே சொன்னேன். எந்த மருமகள் மாமியார் கண்ணைப் படிக்கிறாள்?

"ஒரு நிமிசமுங்க சார்."

நேராக ஜன்னலுக்குப் போனாள். குண்டூசியைப் பிடுங்கினாள். சத்தியமங்கலத்துக்காரரைக் கொண்டுவந்து வாத்தியாருக்குப் பக்கத்திலேயே குத்தினாள்.

"அவரு எடம் இதுதானுங்க சார். அத்தை தூசி தொடைக்கையில நகந்துபோச்சு."

என்னைக் காப்பாற்றுகிறாளாம்! எனக்குப் பொறுக்கவில்லை.

"தூசியெல்லாம் இல்லீங்க. நாந்தான் நகத்திப்போட்டேன். ஒரம்பரை வர்ற ஊட்டுல ஆகாதவியளைப் பக்கத்துல வெக்கறதுங்களா?"

வாத்தியார் இரண்டு வட்டத்துக்கும் இடையில் விரலை வைத்தார்.

"நூலு?"

"இல்லீங்க சார்."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லீங்க."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். போட்ட இலை போட்டபடி கிடந்தது. எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது — அதுவும் என் வீட்டில்!

"இது பந்தி இல்லீங்கத்தை, மேப்பு," என்றாள் சுமதி. "புடிக்கலைன்னு ஊரை நகத்தி வெப்பீங்களா? சத்தியமங்கலத்தைத் தூக்கிச் சோமனூருக்குப் பக்கத்துல போடுவீங்களா?"

"நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா கையெழுத்தாவது கெடைச்சிருக்கும்."

"பொய்யான மேப்புல கையெழுத்து வாங்கறதுக்கு நான் எதுக்குங்க வருசக்கணக்கா கண்ணு முழிச்சேன்?"

போட்ட இலைகளை எடுத்து அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசியது.

திங்கட்கிழமை காலையில் சுமதி வாத்தியாரைப் பார்க்கப் போனாள். வேலை போயிற்று என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைக் கவிதா தவறாமல் எழுத வேண்டும்.

"போட்டுட்டாருங்கத்தை."

"எப்படி?"

"என்னைப் பாத்ததும், மேப்பு தப்புன்னாரு. எனக்கு உசிரே போயிருச்சுங்க. அப்புறம் சொல்றாரு, அவன் எழுதுனதுல ரெண்டு கட்டுரைய நீ விட்டுப்போட்ட, அது உங்க லைப்ரரிக்கு வராத பத்திரிகைன்னு. எந்தப் பத்திரிகை, எந்த வருசம், என்ன தலைப்பு... ஒரு புஸ்தகத்தையும் பாக்காம, மனப்பாடமா ஒப்பிக்கறாருங்கத்தை! அதையும் சேத்துக்க, இன்னும் கொஞ்சம் பக்கத்துல வருவான்னு சொல்லிட்டு, கையெழுத்தைப் போட்டுட்டாரு."

கல்லூரிக்கே வராததைக்கூடத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறார் மனிதர். நூல் இல்லையாம், நூல்! ஒருத்தர் பெயரை ஒரு தடவை கூடச் சொல்லாமல் தப்பிக்க வேண்டுமென்றால், அவர் எழுதியதை எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது?

நம்மைப் பாராட்டிக் கடிதம் போடுகிற வாசகர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களில் எத்தனை பேர் கடைசி வரி வரைக்கும் வருகிறீர்களோ, எனக்குத் தெரியாது. நம்மோடு பேச்சை நிறுத்தியவர்கள் ஒரு வரி விடுவதில்லை.

"சரி கண்ணு, எழுதுனது போதும். மொதல்ல இருந்து ஒருக்கா படி, கேக்கலாம். இரு, இரு... அந்த சன்னலைத் தொறந்து வெச்சுட்டுச் சத்தமாப் படி. பக்கத்து ஊட்டு அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லையல்ல?"