முகத்தில் தெரியாத பயிற்சி

"சிரிச்சாப் போதும் தாயி, சேலை நனைஞ்சுபோகுது" என்றாள் காத்தாயி.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா வங்காளத்துக்காரர். அவருக்கும் திருவரங்குளத்துப் பக்கத்துப் பெண்களுக்கும் நடுவில் நின்று பேச்சை அங்கிட்டும் இங்கிட்டும் கடத்துவது நர்ஸ் பிரகதாம்பாளின் வேலை.

"இருமினா?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

"அதுக்கும்தான். குடத்தைத் தூக்கினாலும்தான். நாலாவது புள்ளையிலேருந்து இப்படி. ஊருல என்னைய அழுத்தமான பொம்பளைங்கிறாக, நாயம் பேசக்கூடக் கூப்புடுறாக. சிரிக்க மாட்டேன்ல!"

பிரசவங்களில் கீழே தாங்கும் தசை தளர்ந்துவிட்டது, அதை இறுக்கி, சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்த வேண்டும் என்று டாக்டரம்மா ஆங்கிலத்தில் விளக்கினார். பிரகதாம்பாளுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அந்த இடத்துக்கு, அவள் படித்த இரண்டு பாஷையிலும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, வழியில வாரப்ப ஒண்ணுக்கு முட்டுது. ஒதுங்க மறைவு இல்ல. என்ன செய்வீங்க?"

"இறுக்கிப் புடிச்சுக்குவேன்."

"அதேதான். இறுக்கி, கொஞ்சம் நிறுத்தி, விடணும். சில மாசமாச்சும் விடாமச் செய்யணும்."

"இதுக்கா பஸ் ஏறி வந்தேன்? மருந்து இல்லையா?"

"இதுதான் மருந்து. நின்னுக்கிட்டே செய்யலாம். பாக்குறவங்களுக்குத் தெரியாது."

பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

காத்தாயிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஆவணியில் வரும் மது எடுப்புத் திருவிழாவில், நெல் நிரப்பித் தென்னம்பாளை செருகிய குடத்தைத் தலையில் வைத்து, மற்றப் பெண்களோடு அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். பாதி வழியில் சேலை நனைந்தால் தீட்டு என்று பயந்து, வருஷாவருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கியிருந்தாள். ஆகவே நேரம் கிடைத்தபோதெல்லாம் இறுக்கினாள். சித்திரையில் கோயிலில் பொங்கல் வைத்தபோதும் இறுக்கினாள். கீழே மட்டும் இறுக்கத் தெரியாமல் பல்லைக் கடித்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கி உடம்பையே இறுக்கியதில் கைகால் நடுங்கின.

"ஏய், காத்தாயிக்குச் சாமி வந்துருச்சுடி!" என்று நாத்தனார் ராசாத்தி கத்திக் குலவையிட்டாள்.

பூசாரி மலையாண்டி திருநீறோடு ஓடிவந்தார். "ஆத்தா, இந்த வருசம் மொதக் குடம் யாரு எடுக்குறது? ஒன் பிள்ளை காத்தாயிதானா?"

காத்தாயி அடக்கிய மூச்சை விட்டாள். தலை தானாகத் தொங்கியது. ஊர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது.

மறுவாரமே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "மாட்டிக்கிட்டேன் தாயி. முன்னாடி போறவ நனைஞ்சா ஊரே பாக்கும்."

பிரகதாம்பாள் இம்முறை சுவரைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, அவளைப் படுக்கவைத்து, மூச்சை அடக்காமல், வயிறும் தொடையும் தளர்ந்திருக்க, அந்த இடத்தை மட்டும் உள்ளிழுக்கக் கற்றுக்கொடுத்தாள். "குடத்தைத் தூக்குறதுக்கு முன்னாடியே இறுக்கிக்கங்க அக்கா. முகத்தை விட்டுருங்க, அதுக்கு இதுல வேலை இல்ல."

ஆவணியில் காத்தாயி முதல் குடம் சுமந்தாள். கோயில் வாசலில் இறக்கும்வரை சேலை உலர்ந்தே இருந்தது. முகமும் சந்தைக்குப் போகிற முகமாக இருந்தது.

"சாமி மலையேறிருச்சு போலருக்கே" என்று ராசாத்தி குறைப்பட்டாள். அதைக் கேட்டுக் காத்தாயி வாய்விட்டுச் சிரித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

முதல் குடம் எடுத்தவள் கையால் திருநீறு வாங்கப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் காதோடு சொன்ன குறை அவளுடைய பழைய குறையேதான். ஐப்பசியில் அவள் மறுபடி பஸ் ஏறி வந்தாள்.

"நான் சொன்னா எவளும் இறுக்கிப் பழக மாட்டேங்கிறா தாயி. ஆத்தா வாக்குன்னு கும்புட்டுட்டு, திருநீறைப் பூசிக்கிட்டுப் போயிர்றாளுக. நீங்க ஒருக்கா ஊருக்கு வாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, சாமி பேரே எடுக்காமச் சொல்லிக் குடுங்க."