டாக்டரம்மா வண்டிக்கு மூச்சு முட்டுன கதை

இஞ்சின் வேலைல பிரிக்கிறப்ப கூட்டம் கூடும், மாட்டுறப்ப நாம மட்டும்தான் நிப்போம், வெடிச்சா மறுபடி கூட்டம் கூடும். கை பூரா கிரீஸ் அப்பியிருக்கப்பதான் மூக்கு அரிக்கும்னு அனுபவிச்சுத் தெரிஞ்ச என் இனமே, காலேஜப் பாதில விட்டுட்டு வீட்ல சோறு கேக்கவே கூச்சப்படுற என் சொந்தங்களே, இது ஒங்களுக்குத்தான். நான் கார்த்தி. மெக்கானிக்கல் இஞ்சினியரிங்க அம்போன்னு விட்டுட்டு, அவனியாபுரத்துல முருகேசண்ணே ஒர்க்‌ஷாப்புல சேந்தவன்.

நீலமா, கருப்பா?

ஒரு நாள் ரெண்டே சீட்டு உள்ள ஒரு வண்டி வந்துச்சு. தரையோட தரையா படுத்துக் கெடக்கும், ஏறணும்னா மொதல்ல உக்காரக் கத்துக்கணும். பசுமலைல பல்லு கிளினிக் வச்சிருக்க ஸ்டெல்லா டாக்டரம்மா வண்டி. "ரோட்லயும் ஓட்டணும், கோயம்புத்தூர் ரேஸ் டிராக்லயும் ஓட்டணும். சூப்பர்சார்ஜர் மாட்டிக் குடுங்க"ன்னாங்க. அது வேற ஒண்ணும் இல்ல, ஒரு காத்து பம்பு. இஞ்சினே பெல்ட்டப் போட்டு அதச் சுத்தும், அது காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ளயே திணிக்கும். காத்து கூடுனா பவர் கூடும். உள்ள இருக்க பிஸ்டன் தாங்கலேன்னா இஞ்சின் செதறிரும். அதனால உள்ளுக்குள்ள பூராவும் பலமான சாமானா மாத்தணும். "இந்தத் தடவ உள் வேலை பூரா நீ மாட்றா மாப்ள"ன்னு சொல்லிட்டாரு அண்ணே. நான் அப்பவே ஸ்பானரெல்லாம் தொடச்சு வரிசையா அடுக்கிட்டேன்.

வீட்ல சொன்னேன். எங்கப்பாவுக்கு செக்கானூரணி பக்கம் வயக்காடு, ஒரு ட்ராக்டர். நான் காலேஜ விட்டதுல இருந்து அவரு என்கிட்ட பேசுறதே அந்த ட்ராக்டர் வழியாத்தான். "அதுக்கு ஆயில் மாத்தணுமாம்"பாரு, யார்கிட்ட சொல்றாருன்னே தெரியாது. அன்னைக்கு நேரா என் மூஞ்சியப் பாத்தாரு. அந்த வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா இனிமே காலேஜப் பத்தி வாயத் தெறக்க மாட்டேன், ஓடலேன்னா நீ போயி அரியர எழுதி முடிக்கணும்னாரு. ரோசத்துல சரின்னுட்டேன். கை கழுவ எந்திரிச்சவரு வாசப்படில நின்னு திரும்புனாரு. "ஒரு பேனா வாங்கி வைக்கிறேன். நீலமா, கருப்பா?"

செல்லூர் பாய்

சூப்பர்சார்ஜர் தானா இஞ்சின் மேல போயி உக்காராது, அதுக்கு ஒரு தாங்கி கடையணும். அது மயிரிழை கோணுனாலும் பெல்ட் கோணும். ஓடுற வேகத்துல பெல்ட் அந்துச்சுன்னா ரேடியேட்டரக் கிழிச்சிட்டுத்தான் நிக்கும். செல்லூர்ல தறிச் சாமான் கடையுற ஜமால் பாய்ட்ட போனோம். ரெண்டு பக்கமும் தறி போடுற சத்தம், சந்துக்குள்ள ஒரு ஷேர் ஆட்டோ வந்தா நாம செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கணும். மொத தாங்கி கோணல். ரெண்டாவதும் கோணல். டாக்டரம்மாட்டருந்து "ஆச்சா?"ன்னு போன் மேல போன். அண்ணே போன என் கைல குடுத்துட்டு டீக்கடைக்கு ஓடிருவாரு.

மூணாவதா கடைஞ்சத வச்சுப் பாத்தோம், நேரா நின்னுச்சு. பாய் வேர்வையத் தொடச்சிட்டு, அப்பதான் இது எதுக்குன்னே கேட்டாரு. நான் கையெல்லாம் ஆட்டி வெளக்குனேன். கடையுற மிஷின நிப்பாட்டிட்டுச் சொன்னாரு. "பிரியாணி தின்னு முடிச்சவன் வாயில இன்னும் ரெண்டு பிளேட்ட வச்சு அமுக்குறீங்க. நல்லாத்தான் இருக்கும் தம்பி, உள்ள தங்குனா."

பல்லு பாக்குற கண்ணாடி

பிஸ்டனப் பிடிக்கிற ராடு போல்ட்ட ஒரு அளவு வச்சுத்தான் முறுக்கணும். அந்த அளவு வந்ததும் ஸ்பானர் 'டிக்'குனு சொல்லும். ஒரு போல்ட்ட மறந்துட்டாலும் ராடு கழண்டு, இஞ்சின் வயித்தக் கிழிச்சிட்டு ரோட்ல வந்து விழும். நான் மூச்சப் புடிச்சு முறுக்கிட்டிருக்கேன், டாக்டரம்மா வந்து நின்னு "எந்த போல்ட்ல இருக்கீங்க?"ன்னாங்க. அம்புட்டுத்தான், மறந்துருச்சு. எல்லாத்தையும் தளத்திட்டு மொதல்லருந்து ஆரம்பிச்சேன். முடியப் போற நேரம் அண்ணே வந்து "டீ வேணுமாடா?"ன்னாரு. திரும்பவும் மொதல்லருந்து.

சிலிண்டருக்கு மூடியா வர்ற ஹெட்ட மாட்டப் போறப்ப டாக்டரம்மா கைப்பைலருந்து பல்லு பாக்குற குட்டிக் கண்ணாடிய எடுத்து சிலிண்டருக்குள்ள விட்டுப் பாத்தாங்க. "இது என்ன?"ன்னாங்க. கை தொடைக்கிற பனியன் வேஸ்ட்லருந்து பிஞ்ச நூலு, சிலிண்டர் ஓரமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் டார்ச்ச அடிச்சு மத்த சிலிண்டரையும் தேட ஆரம்பிச்சேன். அவங்க குறடு வச்சு அலுங்காம எடுத்து என் உள்ளங்கைல வச்சாங்க. "பல்லுல தப்புப் பண்ணா பேஷண்ட் கத்திருவாரு தம்பி. இது கத்தாது, நாமதான் கத்தணும்."

பூசை

மொத ஸ்டார்ட்டுக்கு அண்ணே பூசை போட்டாரு. தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், ஒரு கிண்ணத்துல கொழைச்ச சந்தனம். கூப்பிடாமயே எங்கப்பா வந்து நின்னாரு, வெள்ளச் சட்டைல, பாக்கெட்ல ஒரு புதுப் பேனாவோட. நீலம். கடுப்பாயிருச்சு எனக்கு. பானெட் பக்கம் வந்து, "இதுல எதுடா நீ புதுசா மாட்டுனது?"ன்னாரு. பதில் சொல்லலேன்னா பயந்துட்டேன்னு நெனப்பாரேன்னு, முன்னாடி பளபளன்னு இருந்த பெல்ட்டையும் அது ஓடுற சக்கரத்தையும் காட்டிட்டு, பேட்டரி ஒயர் எடுக்க உள்ள போயிட்டேன்.

டாக்டரம்மா சாவியத் திருப்புனாங்க. ஒரு உறுமல். தகரக் கூரைலருந்த புறா பூரா பறந்துருச்சு. ஆயில் ஒழுகல, பொகை இல்ல, கடகடங்கல. அண்ணே என் முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சாரு. நான் அப்பாவப் பாத்தேன். அவரு பேனாவத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. "சத்தம் நம்ம ட்ராக்டருந்தான் போடுது. போகச் சொல்லு பாப்போம்."

நாலு வழிச்சாலை

டாக்டரம்மா ஓட்ட, பக்கத்துல நான், மடில இஞ்சின் கணக்கக் காட்டுற லேப்டாப். பின்னாடியே அண்ணே பைக்ல. திருமங்கலம் பக்கம் ரோடு காலியானதும், "ம்"னேன். மிதிச்சாங்க. காத்து அழுத்தம் காட்டுற முள்ளு மேல ஏறுச்சு. என் உசுரும் கூடவே ஏறுச்சு. பாதில முள்ளு படுத்துருச்சு. பன்னிக்குட்டி கத்துற மாதிரி ஒரு கிறீச். திரும்ப மிதிச்சாங்க. ஏறுது, படுக்குது. பிஸ்டன் ரிங்கு போச்சா? ஹெட்ல லீக்கா? எல்லாம் நான் மாட்டுனது. பரிச்ச ஹால்ல என் பழைய பெஞ்சு கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

ஓரங்கட்டுனோம். அண்ணே பைக்க நிப்பாட்டிட்டு வந்தாரு, மூஞ்சி செத்துப் போச்சு. "எறக்கிருவோமாடா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. இஞ்சின வெளிய எடுத்து மறுபடி பிரிக்கிறதா.  பானெட்டத் தூக்குனேன். குப்புனு சூடு அடிச்சுச்சு. டாக்டரம்மா மூக்கச் சுழிச்சு மோந்து பாத்தாங்க. "கருகுன வாசந்தான வரணும்? இங்க என்ன கோயில் வாசம் வருது?"

டூத் பிரஷ்

பெல்ட் மேல மஞ்சப் பொடி. சக்கரத்து வரிப்பள்ளம் பூரா சந்தனம் காஞ்சு அப்பிக் கெடக்கு. சும்மா ஓடுறப்ப தெரியல, வேகம் கூடக் கூட பெல்ட் வழுக்கி, பம்பு சுத்தாம நின்னுருக்கு. காத்து போகாம இஞ்சினுக்கு மூச்சு முட்டிருச்சு, அம்புட்டுத்தான். மெதுவா உருட்டிக்கிட்டு ஒர்க்‌ஷாப் வந்தோம். "எவண்டா பெல்ட்ல சந்தனம் வச்சது? நான் பானெட்டுக்கும் டயருக்கும்தான வச்சேன்!"னு கத்துனாரு அண்ணே. டாக்டரம்மா ரெண்டு கையையும் தூக்குனாங்க. "என்னயப் பாக்காதீங்க, நான் ஜெபம் மட்டும்தான் பண்ணேன்." எங்கப்பா டயர் மேல உக்காந்து கூரையப் பாத்துட்டிருந்தாரு, வலது கை முதுகுக்குப் பின்னாடி.

டாக்டரம்மா வண்டிலருந்து ஒரு டூத் பிரஷ் எடுத்துக் குடுத்தாங்க. "மேலயும் கீழயுமா தேயிங்க, பக்கவாட்டுல தேய்க்காதீங்க"ன்னு அங்கயும் வைத்தியம். பள்ளம் பூராவையும் பெட்ரோல் விட்டுத் தேச்சு, புது பெல்ட் மாட்டி, திரும்ப அதே ரோடு. மிதிச்சாங்க. முள்ளு ஏறுச்சு. பாதியத் தாண்டுச்சு. நான் கண்ண மூடிட்டேன். "தம்பி, பாருங்க!"ன்னாங்க. உச்சில போயி நின்ன முள்ளு எறங்கவே இல்ல. முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு, லேப்டாப் நெஞ்சுல வந்து ஏறுச்சு. அவங்க சிரிச்ச சிரிப்புல பல்லு அத்தனையும் தெரிஞ்சுச்சு, ஒண்ணுல கூட சொத்த இல்ல.

திரும்பி வந்தப்ப எல்லாரும் வண்டியச் சுத்தி நின்னாங்க. எங்கப்பா மட்டும் தள்ளி நின்னாரு. நேராப் போயி, இன்னமும் முதுகுக்குப் பின்னாடியே இருந்த அந்தக் கையப் புடிச்சு முன்னாடி இழுத்தேன். மோதிர வெரல் நுனி மஞ்சளா இருந்துச்சு. "என்னயத் தோக்கடிக்க இம்புட்டு வேலையாப்பா?"ன்னேன். கைய வெடுக்குனு உருவிட்டு, பாக்கெட்லருந்த பேனாவ எடுத்து என் சட்டைல சொருகுனாரு. "அது ஓடணும்னுதாண்டா வச்சேன், கூறுகெட்டவனே."

இப்ப அந்த நீலப் பேனாவால எங்க ஒர்க்‌ஷாப்ல எழுதி ஒட்டியிருக்க ஒரே பரிச்ச பதில் இதுதான் மக்களே: "சாமி சந்தனமெல்லாம் பானெட்டோட நிறுத்தவும், பெல்ட்டுக்கு வேண்டாம்."