வலி நின்ற பிறகு

பாகூரில் பல் மருத்துவமனை வைத்த முதல் ஆண்டுகளில் புகழ்வேந்தன் பிடுங்கியே பிழைத்தார். ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று வாங்குவார். பல்லைக் காப்பாற்றச் சொல்லி யாரும் வரவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஓர் அறக்கட்டளை வந்தது. அதன் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்காக ஆண்டுக்கொருமுறை அவருக்கு ஒரு தொகை கொடுத்துவிடும். அந்த வீட்டாரிடம் அவர் எதுவும் வாங்கக் கூடாது. ஆண்டு முடிவில் அவர்கள் வாயில் பற்கள் நின்றிருந்தால் மேற்கொண்டு கொஞ்சம் உண்டு. பிடுங்கினால் குறையும்.

சோரியாங்குப்பத்து அய்யனார் கன்னம் வீங்கி வந்தார். கரும்பு வெட்டுகிறவர். மனைவி ராமாயியும் உடன் வந்தாள். வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போயிருந்தன. இடப்பக்கம் கீழே ஒன்றுதான் மிச்சம்; வலித்ததும் அதுதான்.

"புடுங்கிடுங்க சார்."

"வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கலாம். மூணு தடவ வரணும்."

"புடுங்கினா உங்களுக்கு நஷ்டமாமே?"

"நஷ்டந்தான். ஆனா இதுவும் போனா எதுல மெல்லுவீங்க?"

"அந்தப் பக்கத்த நீங்கதான சார் புடுங்கனீங்க? அப்ப இத கேக்கலியே."

புகழ்வேந்தன் விளக்கை இழுத்து அவர் வாய்ப்பக்கம் திருப்பினார்.

"சும்மா இருய்யா. வாயத் தொற" என்றாள் ராமாயி.

பல்லைத் துளைத்துச் சீழை வடித்து, மருந்து வைத்து மேலே தற்காலிகமாகப் பூசி அனுப்பினார். மறுநாளே வலி நின்றுவிட்டது. அய்யனார் திரும்ப வரவில்லை. அவர் கரும்பை வெட்ட, ராமாயி தோகை கழித்துக் கட்டுவாள். ஒருவர் நின்றால் இருவர் கூலியும் நிற்கும். வலிக்காத பல்லுக்காக யார் வயலை விட்டு வருவார்? வலித்தால் வருவார் என்று புகழ்வேந்தனும் இருந்துவிட்டார். அதுவரை அவர் அப்படித்தான் தொழில் செய்திருந்தார்.

கரும்பு வெட்டு முடிந்து அய்யனார் வந்தபோது பல் வேர்வரை பிளந்திருந்தது. பிடுங்க வேண்டியதாயிற்று.

"வலி நின்னுச்சே. நல்லாயிடுச்சின்னு நெனச்சேன் சார்."

"நான் வந்து கூப்ட்டிருக்கணும்."

"எங்க, கரும்புக்குள்ளயா?" வாயில் பஞ்சுடன் அய்யனார் சிரிக்கப் பார்த்தார்.

அடுத்த பருவத்தில் ராமாயிக்குப் பல்வலி. ஒருமுறை வந்தாள், வலி தீர்ந்தது, வராமல் போனாள். புகழ்வேந்தன் மருத்துவமனையை மூடிவிட்டு வண்டியை எடுத்தார். வரப்பில் அவரைக் கண்டதும் கரும்பு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"இன்னாடி இது, பல்லு டாக்டரு ஆள் புடிக்க வந்துட்டாரு! ஒன் பல்லு போனா அவரு காசு போயிடுமாம்" என்றாள் ஒருத்தி ராமாயியிடம்.

"ஆமா, போவும்" என்றார் அவர்.

"எனக்கு வலியே இல்லயே சார்" என்றாள் ராமாயி.

"அதனாலதான் வந்தேன்."

அய்யனார் அரிவாளைத் தாழ்த்தினார். அவர் இப்போது சோற்றைக் குழையப் பிசைந்துதான் விழுங்குகிறார்.

"போயிட்டு வாடி."

"ஒத்தையா இன்னா பண்ணுவ? கூலி?"

"வெட்டிப் போடறேன். கட்டறத நாளைக்குப் பாத்துக்கலாம். போ."

ராமாயி தலைத்துணியை அவிழ்த்து உதறிவிட்டு வரப்பில் ஏறினாள்.