பொழி வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நாங்கள் இருப்பது திருவனந்தபுரம் கரமனையில். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகியிருந்தது. கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவிலேயே நாட்கள் கழிந்ததில் அவளுக்கு அலுத்துவிட்டது. "ஒரு தடவை கடலைப் பார்த்துட்டு வந்துடலாம்னா" என்றாள். விழிஞ்ஞம் தாண்டிப் போனால் ஒரு சின்ன ஊர் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல் என்கிற உப்பங்கழி, நடுவில் நீளமான மணல்மேடு. யாருக்கும் எதற்கும் அவசரமில்லாத ஊர். அங்கே அழைத்துப் போனேன்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு. மணல்மேட்டில் ஏழெட்டு மீனவர்கள் மண்வெட்டியால் வாய்க்கால் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் காயல் நிரம்பிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் ஏறினால், இப்படி மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். பொழி வெட்டுவது என்று பெயர். வருஷாவருஷம் பேப்பரில் படிக்கிற விஷயம்தானே! பக்கத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தார்கள்.

"சாரே, அக்கரைக்குப் போகண்டா" என்று தடுத்தார் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர். வாய்க்கால் அப்போது இரண்டடி அகலம்கூட இல்லை, உள்ளே சொட்டுத் தண்ணீரும் இல்லை. "அஞ்சு நிமிஷம் மதி சேட்டா", ஐந்து நிமிஷம் போதும் என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு, அவளைக் கைபிடித்துத் தாண்ட வைத்தேன். அந்தப் பக்கம் கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, கொண்டுபோன மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

அப்போதுதான் காபி ஃபிளாஸ்க் காரிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டார் எங்கே போனாலும் வீட்டு டிகாக்‌ஷனில் கலந்த காபியைச் சுமந்துகொண்டுதான் போவோம். வெளிக்காபி தொண்டையில் இறங்காது. "அப்புறம் குடிச்சுக்கலாம்னா, உட்காருங்கோ" என்றாள். கேட்டால்தானே!

போய் வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். வரும்போதே ஓர் இரைச்சல். கடல் என்று நினைத்தேன். நாங்கள் தாண்டிய வாய்க்காலைக் காணோம். அந்த இடத்தில் பதினைந்தடி அகலத்துக்குச் சேற்று நிறத் தண்ணீர் கடலைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தது. கடைசி மண்ணை அவர்கள் வெட்டவில்லை, காயலே உடைத்துக்கொண்டதாம். இரண்டு கரையும் பாளம் பாளமாக இடிந்து விழுந்தன. சிவப்புத் துணிக் குச்சி என் கண்ணெதிரே சாய்ந்து போயிற்று. அந்தப் பக்கம் என் மனைவி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

நான் தண்ணீரில் இறங்கப் போனேன். லுங்கிக்காரர் என் காலரைப் பிடித்து மணலில் தள்ளினார். "சாவான் போறியா நீ?" என்று கத்தினார். 'சார்' போய் 'நீ' வந்ததைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

வெட்டிய பக்கம் படகை விட்டால் கடலுக்கு அடித்துப் போய்விடும். காயல் வழியாகச் சுற்றிப் போய், அவள் நிற்கும் மேட்டில் தூரத் தள்ளி ஓரிடத்தில் கரை ஒதுக்கலாம் என்று இரண்டு பேர் வள்ளத்துக்கு ஓடினார்கள். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். விளிம்பை விட்டு விலகி அங்கே நடக்க வேண்டும். எல்லோரும் துண்டை வீசிச் சைகை காட்டினார்கள். "பின்னால போ! பின்னால போ!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சலில் என்ன கேட்கும்? நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காக அவள் முன்னால் வந்தாள். நான் கத்தக் கத்த, நொண்டி நொண்டி ஓரோர் அடியாக வந்தாள். அவளுக்கு நாலடி முன்னால் மணல் இடிந்தது.

லுங்கிக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சாரே, நீங்க இங்க நிக்கிற வரைக்கும் அவங்க இங்கோட்டுதான் வருவாங்க. திரும்பி நடங்க. நோக்கண்டா, நடங்க!" என்றார் பாதித் தமிழில்.

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை அங்கே நிறுத்திவிட்டு முதுகைக் காட்டுவதா? என்னால் முடியவில்லை. அவரே என்னைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நடந்தேன். கையில் அந்தப் பாழாய்ப்போன ஃபிளாஸ்க். பின்னால் மணல் 'தொம்' என்று விழும்போதெல்லாம் அவளும் விழுந்துவிட்டாளோ என்று உயிர் போய் உயிர் வந்தது. ஒரு வேண்டுதலையும் முழுசாக முடிக்கவில்லை, பாதியிலேயே அடுத்த சாமிக்குப் போனேன். கார் நின்ற தென்னந்தோப்பு வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து, தோப்பை ஒட்டிய காயல் துறையில் வள்ளம் வந்து நின்றது. இரண்டு பேர் அவளைத் தாங்கி இறக்கினார்கள். முட்டி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுகை, அதற்கு மேல் கோபம்.

"என்னை விட்டுட்டுப் போறேளேன்னு நெஞ்சே அடைச்சுது. இனிமே அங்க நின்னு என்ன பிரயோஜனம்னுதான் வள்ளத்தைப் பார்த்து நடந்தேன்" என்றாள்.

தோப்பு வரை கூடவே வந்திருந்த லுங்கிக்காரரிடம் போனேன். ஃபிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மதுரம் போரா சாரே" என்றார். சர்க்கரை போதாதாம். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அவளுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும் என்று முப்பது வருஷம் அவளைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான். அன்று அவளுக்காக நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்ததுதான்.