மருந்து படாத பாத்தி

கசப்பு அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் எடுத்துக் கொடுத்தால் பிஸ்கட்கூடக் கசக்கும். வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் மூட்டை கட்டி, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பயிருக்குத் தெளிக்கிற வேலை அவருக்கு. அந்த வாடை பூச்சியை விரட்டியதோ இல்லையோ, மனுஷரை நன்றாக விரட்டியது. டீ வேளையில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். மனைவி போய்ச் சேர்ந்தபின் ஆராய்ச்சிப் பண்ணையிலேயே, உரக் கிடங்கை ஒட்டிய அறையில் தங்கிவிட்டார்.

அந்தப் பருவம் தட்டைப்பயறில் சோதனை. எல்லாப் பாத்திக்கும் கரைசல், ஓரத்துப் பாத்திக்கு மட்டும் வெறும் தண்ணீர். இரண்டின் விளைச்சலையும் ஒப்பிட்டுத்தான் கரைசலின் பலனைச் சொல்ல முடியும். பலன் தெரிந்தால் அண்ணனுக்கு வேலையும் அறையும் நிலைக்கும். தெரியாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அவருக்கும் இது தெரியும்.

ஓரத்துப் பாத்தியில் காய்ப்புழு விழுந்தது. பிஞ்சிலேயே ஓட்டை. அண்ணன் டீயை எடுத்துக்கொண்டு அதன் வரப்பில் போய் உட்கார ஆரம்பித்தார். "உனக்கும் கேக்க நாதியில்ல," என்று செடியிடம் அவர் பேசியதை, டிராக்டர் ஓட்டுகிற நானே கேட்டேன். மனுஷனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்து, ஆராய்ச்சி மேடம் எடை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடிச்சதும் அடிக்காததும் ஒரே மாதிரி காய்ச்சிருக்கு. அப்புறம் எதுக்குண்ணே இந்தக் கரைசல்? இதோட நிறுத்திட வேண்டியதுதான்."

அண்ணன் கையைப் பிசைந்தார். "கரைசல் மேல பழி போடாதீங்கம்மா. ஓரத்துப் பாத்திக்கும் நான் அடிச்சுட்டேன்."

மேடத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு பருவமே பாழாப்போச்சே! ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"சுத்தி இருக்கிற எல்லாத்தையும் கவனிக்க ஆள் இருக்கு. அது மட்டும் ஒண்டியா நின்னுச்சு. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியலம்மா."

கடைசியில் மேடம், சோதனையை மறுபடி செய்யலாம், கரைசலை அண்ணனே தயாரிக்கட்டும், ஆனால் இனி வயலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேலையும் அறையும் தப்பின. எங்களுக்கெல்லாம் அது பெரிய மனசாகத்தான் பட்டது.

இப்போது புதுப் பயிர் நிற்கிறது. புதிதாகத் தெளிக்க வந்தவரிடம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே குடத்தை நீட்டுகிறார் அண்ணன். ஓரத்துப் பாத்தியில் மறுபடி புழு விழுந்திருக்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.