மாமியார் பொதுச் சொத்தான கதை

என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் என் சம்பளம் அப்படியே அந்த ஆளுக்குப் போய்விடும். வைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். வீட்டுக்காரர் ரொம்பப் பெருந்தன்மையாக, "நீயே முடிவு பண்ணு" என்றார். அவர் வேலையை விடுவது பற்றி யாருக்கும் யோசனையே வரவில்லை, பாருங்கள்!

எங்கள் பிளாக்கில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே பாடு. அதனால் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "மூணு வீட்டுக்கும் பொதுவா ஒரு ஆயா வைப்போம். மெயின்டனன்ஸ்ல போடுங்க."

"இதெல்லாம் கவர்மென்ட் பண்ணணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பண்ணட்டும். அதுவரைக்கும் எங்க அத்தை பாத்ரூம் போகாம இருப்பாங்களா?"

இரண்டாவது மாடி சார் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்ல வயசானவங்களே இல்லையே மேடம். நாங்க ஏன் கட்டணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் கிரவுண்ட் ஃப்ளோர் சார். லிஃப்டுக்குள்ள என்ன கலர் பெயின்ட்னுகூடத் தெரியாது. குடிவந்த நாள்லேருந்து அதுக்குக் கட்டறேன். நிறுத்திடட்டுமா? வயசாவது எல்லார் வீட்டுக்கும் வரும். லிஃப்ட் என் வீட்டுக்கு என்னிக்கும் வராது."

அவ்வளவுதான், மேல்மாடிக்காரர்கள் மொத்தப் பேரும் ஆயாவுக்குச் சம்மதம் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். செக்ரட்டரி 'பொதுச் சொத்து பராமரிப்பு' என்று தலைப்புப் போட்டு லிஃப்ட், மோட்டார், ஆயா என்று எழுதிக்கொண்டார்.

வந்தது வினை. காசு கொடுத்தவர்களெல்லாம் மோட்டாரைப் பார்க்க வருவது போல மாமியாரையும் பார்க்க வர ஆரம்பித்தார்கள். இரண்டாவது மாடி சார்தான் முதல் ஆள். "ஆயா ஒழுங்கா வராங்களாம்மா?"

"ஆயா தங்கம். மருமகளத்தான் மாத்தணும். அதுக்கு ஏதாவது ஃபண்ட் இருக்கா?"

பிளாக்கே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! எல்லாரும் போனதும் கேட்டேவிட்டேன். "வேலைய விடாம இருக்க நான் எவ்வளவு சண்டை போட்டேன்! என்னையே கிண்டல் பண்றீங்களே அத்தை?"

அவர் சிரிக்கவில்லை. "நீ வேலைய விட்டிருந்தா, என்னிக்காவது ஒரு நாள் 'எல்லாம் உங்களாலதான்'னு சொல்லியிருப்ப. அந்த பயத்துல எனக்குத் தூக்கமே இல்லம்மா. இப்பதான் தூங்கறேன்."

"ஐயோ அத்தை, சொல்லியிருக்கவே மாட்டேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அது பொய். சொல்லியிருப்பேன்.