ஓணானுக்கு இடம் விட்டவர்

புத்தளத்தில் நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். வெயிலில் கறுத்த முகம், உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தந்தார். இடம் நிறைந்து, ஒரு படம்கூட எடுக்க முடியவில்லையாம்.

திறந்து பார்த்தேன். படங்கள் பெரும்பாலும் அவர் வீட்டைச் சுற்றி எடுத்தவை. கிணற்றுக் கட்டில் அணில், கூரையில் காகம், முருங்கையில் ஓணான். அந்த ஓர் ஓணானுக்கே நூறு படமாவது இருக்கும்.

"நானா, இதுகள அழிச்சா இடம் வரும்," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

பதறிப்போய்ப் போனைப் பிடித்துக்கொண்டார். "அதுகளத் தொட வாணாம். மகள்ட கலியாண வீடியோ இரிக்கி, அத அழிங்க."

"மகள் ஏச மாட்டாவா?"

"கலியாணத்த ஊரே படம் புடிச்சிச்சி தம்பி. இந்த ஓணான நான் எடுக்காட்டி வேற யாரு எடுக்கிற?"

அழித்துக் கொடுத்தேன். உடனே எழுந்து, என் கடைச் சுவரிலிருந்த பல்லியைப் படமெடுத்தார்.

"இவரு கன நாளா இங்கயா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் அந்தப் பல்லியை நிமிர்ந்து பார்த்தேன்.

அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. அந்தப் பல்லிக்குப் பாதி வால்தான் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும்.